லிபோவாவின் கிண்ணங்களும் எங்கள் வீட்டுக் கதவும்

என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் தலைவர், பெருமதிப்பிற்குரிய வாமதேவன் அண்ணை அவர்களே! புறநகர் ஸ்தேனிலிருந்து ரயில் மாறி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! இந்தப் பாரிஸின் ரூ பெர்தொனே வீதிக் கடைகளை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்த வணிகப் பெருமக்களே! என்னைப் பெறாத தாய்மார்களே! யோகநாதனின் வெட்கம் கலந்த வணக்கம்.

"போலந்திலை ஒரு தண்ணி ஊற்று ஊர். அதுக்கு உமக்கென்ன புத்தகம்?" என்று இந்த வெளியீட்டு விழா வாசலிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. சொல்கிறேன்.

நான் அலுவலகம் துடைப்பவன். என்னோடு துடைப்பவள் இரேனா. அவள் ஊர் லிபோவா. நோய் தீர்க்கும் நீரென்று அங்கே அரசர்கள் குடித்தார்கள், அழகிகள் குடித்தார்கள், ஆலை முதலாளிகளும் குடித்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தது, எல்லை மாறியது, அங்கிருந்த ஜெர்மானியர் ஒரே நாளில் விரட்டப்பட்டார்கள். கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த இரேனாவின் தாய்க்கு அவர்கள் விட்டுப்போன வீடொன்று கிடைத்தது. அலுமாரி நிறைய ஊற்று நீர் குடிக்கும் கிண்ணங்கள் இருந்தன.

முப்பது ஆண்டுகள் கழித்து, அந்த வீட்டில் முன்பு வாழ்ந்த ஒரு ஜெர்மன் பெண் கதவைத் தட்டினாள். தாய் என்ன செய்தாள்? வாதாடினாளா? கிண்ணங்கள் அத்தனையையும் மேசையில் வைத்தாள். "இவை உங்களுடையவை" என்றாள்.

இதைச் சொல்லிவிட்டு இரேனா கேட்டாள்: "உங்கள் ஊரில் நீங்கள் யாரையாவது விரட்டினீர்களா?" "இல்லை" என்றேன். நாக்கூசாமல் சொன்னேன், ஐயா!

மேடை மேடையாக "விரட்டப்பட்டவன் நான்" என்று முழங்கினேன். நீங்களும் கை தட்டினீர்கள். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை எங்கள் இயக்கத்தார் இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றினார்களே, அதை எந்த மேடையில் சொன்னேன்? எங்கள் தெருவின் மஹ்றூப் நானா, எங்களுக்கு அண்ணன் போன்றவர், குழந்தைகளோடு நடந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் அவர் வீட்டு வேப்பங்கதவைக் கழற்றி எங்கள் வாசலில் பொருத்தினேன். சும்மா கிடந்ததுதானே என்றேன்.

என்ன தம்பி பின்னாலை? "உதை ஏன் இஞ்சை கதைக்கிறியள்?" என்கிறீரா? இஞ்சைதான் கதைக்க வேணும். இஞ்சைதானே இவ்வளவு நாளும் மறைச்சனான்!

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஊருக்குப் போனேன். நானா திரும்பி வந்திருந்தார். அவர் வாசலில் கதவுக்குப் பதில் தறப்பாள் சீலை தொங்கியது. தேநீருக்கு அழைத்தேன். எங்கள் வாசலில் நின்று கதவைத் தடவினார். "நல்லா வச்சிருக்கிறீங்க தம்பி" என்றார். உங்களுடையது என்று ஒரு சொல் என் வாயில் வந்ததா? வரவில்லை. பாரிஸ் சொக்லேட்டை நீட்டினேன். கூனிக் குறுகிப்போகிறேன், தாய்மாரே!

இரேனாவின் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அந்த வீட்டில் இருக்கும் தங்கை யசோதினியிடம் கதவைக் கொடுத்துவிடச் சொன்னேன். "ஊர் சிரிக்கும் அண்ணை" என்று அழுதாள். பிறகு அவளே கழற்றினாள், சென்ற கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள். நானா கதவைப் பார்க்கவில்லையாம். அவளைப் பார்த்துக் கேட்டாராம்: "இப்ப உங்கட வாசலுக்கு என்ன செய்வீங்க, தங்கச்சி? பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வீடெல்லோ?"

வாமதேவன் அண்ணை, பொறுத்தருள்க. முதற்பிரதியை மரபுப்படி நீங்கள் பெற வேண்டும். அது மஹ்றூப் நானாவுக்குப் போகிறது. அந்தக் கதவைத் தட்டி, நானே கொடுக்கப் போகிறேன். அவர் திறந்த பிறகுதான் நன்றி சொல்ல எனக்கு வாய் வரும். இன்றைக்கு வணக்கம் மட்டும்.