பின்னறைக்கும் வந்த வைஃபை

ஆவணி மாதத்துக் கடைசி ஞாயிறு காலை, வடசேரியிலிருந்து குளச்சல் போகும் பேருந்தில் கேட்டது. என் முன் இருக்கையில் இரண்டு இளம்பெண்கள். சன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"ஒரே வீட்டுல ரெண்டு ரவுட்டரும் நான்தான் பெரிய ஆளுன்னு நின்னா, நெட்டு எப்படி வரும்?"

"ஒண்ணு போதாதாட்டி?" என்றாள் தோழி.

"அது முன்னறையில இருக்கு. சிக்னல் அங்க மட்டும்தான். துபாயிலேருந்து அவிய கூப்பிட்டா, மாமி பக்கத்துல இருந்துதான் பேசணும். கல்யாணம் ஆனதுலேருந்து மனசுவிட்டு ஒரு வார்த்தை பேசல."

"அதுக்கு?"

"பழைய ரவுட்டரைப் பின்னறையில வச்சு, ரெண்டுக்கும் நடுவுல வயர் இழுத்தேன். நெட்டு வரல்ல. பொறவு பார்த்தா ரெண்டுக்கும் ஒரே அட்ரஸ். பழையதுக்கு வேற அட்ரஸ் போட்டேன். போனுக்கெல்லாம் அட்ரஸ் கொடுக்குற வேலையைப் புதுசுகிட்ட மட்டும் விட்டேன். வந்துட்டு."

"நீயேவா செய்த? கெட்டிக்காரிதான். அவிய சந்தோசப்பட்டாவளா?"

"நேத்து கதவைச் சாத்திட்டுக் கூப்பிட்டேன். எடுத்ததும் முதல் கேள்வி, 'அம்மையை எங்க காணோம்?'"

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீ என்ன சொன்ன?"

"முன்னறையில சிக்னல் போயிட்டுன்னு சொன்னேன்."