எல்லாருக்கும் ஒரே கோட்டு

பரவால்லைங்க, அந்தக் கோட்டையே மாட்டிக்குங்க. ஆணில தொங்குதே, அதான். லீரா டவுன்ல பாதிப் பேரு பாஸ்போர்ட்ல இந்தக் கோட்டுதான். கறிக்கடைக்காரர், வாத்தியார், பாதிரியாரோட தம்பி, எல்லாரும் இதுக்குள்ளதான் உக்காந்திருப்பாங்க. கை கொஞ்சம் குட்டைதான். நெஞ்சுக்கு மேலதானே எடுக்கப்போறேன்.

உக்காருங்க. முதுகுல கட்டியிருக்கிற புள்ளை முனகுவா, கண்டுக்காதீங்க. ஆறு மாசம். அதிம்னு பேரு.

நானா? எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்! கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல தையலும் ஜெபமும்தான் சொல்லிக் குடுத்தாங்க. கடை எங்க வீட்டுக்காரரோடது. அடுபா. பேரு கேள்விப்பட்டிருப்பீங்களே... இல்லையா? சரி. சனி ஞாயிறு கல்யாணம், ஞானஸ்நானம். மத்த நாள்ல பத்திரிகைக்குப் படம் எடுப்பாரு.

முகத்த நேரா வைங்க. காது ரெண்டும் தெரியணும், இல்லேன்னா திருப்பி அனுப்பிருவாங்க.

சுவத்துல என்ன தேடுறீங்க? அவர் படமா? இல்லைங்க. வர்றவங்க எல்லாரும் தேடுறாங்க. ஊரையே எடுத்த மனுஷனுக்கு ஒரு படம் இல்ல. செத்தப்போ பத்திரிகைல அடையாள அட்டைப் படத்தப் போட்டாங்க. தபால்தலை சைசு, பாதி மூஞ்சில முத்திரை. அதக் காட்டி, இதான்டி உங்கப்பான்னா இவளுக்கு என்ன புரியும்?

ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. இவ ஞானஸ்நானத்தன்னிக்கு பாதிரியார் கேமராவப் பிடுங்கிட்டு, ஒரு நாளாச்சும் நீ போய் அந்தப் பக்கம் நில்லுடான்னு விரட்டி எடுத்தாரு. இவள நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, கோணலா ஒரு சிரிப்பு. அன்னிக்கு ராத்திரி கரண்ட் இல்ல, கம்ப்யூட்டர்ல ஏத்தல. விடிஞ்சா சந்தைக்காரங்க போராட்ட ஊர்வலம். அதே மெமரி கார்டோட ஓடிட்டாரு.

பிரஸ்னு எழுதின சட்டை போட்டிருந்தாருங்க. அதப் பாத்தா அடிக்கமாட்டாங்கன்னு நம்பித்தான் போட்டாரு. அதப் பாத்துத்தான் லத்தியோட தேடி வந்து அடிச்சாங்க.

அசையாதீங்க. ஐயோ, நான் யாரையும் குத்தம் சொல்லலைங்க. கால் தடுக்கி விழுந்தாருன்னு ஸ்டேஷன்ல எழுதிட்டாங்க, நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். புள்ளைய வச்சிருக்கேன். பயமா இருக்காதா?

மூச்சு விடுங்க. ச்சே, கண்ண மூடிட்டீங்க. இன்னொண்ணு எடுத்துருவோம்.

அடுத்த வாரமே கிளம்பணுமா? வெளிநாட்டுலயா பயிற்சி? நல்லது. மாதா துணையிருப்பா.

கோட்டக் கழட்டாதீங்க, ஒரு நிமிஷம் இருங்க. அந்தப் படத்துல அவரும் இதே கோட்டுதான் போட்டிருந்தாரு.

ஊர்வலம் இந்த வாசல் வழியாத்தான் போச்சு. நான் கதவிடுக்குல நின்னுட்டிருந்தேன். அவரு விழுந்தப்புறம் நீங்க கேமராவத் தெறந்து கார்ட உருவிப் பையில போட்டுக்கிட்டீங்க. ஹெல்மெட்டக் கழட்டி வேர்வை தொடச்சீங்க. இப்ப உள்ள வந்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. யாருட்டயும் சொல்லலைங்க. சொல்லவும் மாட்டேன், இவ மேல சத்தியம். ஊர்வலப் படமெல்லாம் அழிச்சிருங்க, எனக்கு வேண்டாம். அந்த ஒண்ணு மட்டும்... அழிக்காம இருந்தா... கிளம்புறதுக்குள்ள கதவுக்கடியில தள்ளிட்டுப் போனாக்கூடப் போதும் ஐயா.

இந்தாங்க, பாருங்க. இந்தத் தடவ நல்லா விழுந்திருக்கு. எத்தனை காப்பி போடட்டும்?