மூடி திறந்த துளைக்குழி

மதியம் இரண்டு மணி இருக்கும்… மதியம் என்கிறேனே தவிர, நல்ல இருட்டு. சூரியன் கீழே போய் வாரக்கணக்காகிவிட்டது. இனி ஜனவரி நடுவில்தான் எட்டிப் பார்க்கும். உறைந்த ஏரியின் மேல் ஒரே ஒரு வண்டித் தடம். அந்தத் தடத்தில் ஒரே ஒரு பனிவண்டி. முன்னால் மஞ்சளாக ஒரு விளக்கு. சுற்றிலும் எதுவுமில்லை. வண்டியில் இரண்டு பேர்.

இரண்டு பேர். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் ஒருவராவது வைத்திருக்க வேண்டும்.

நமக்கு நடுவில் எரியும் இந்த விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். புயல் நாளைக்கும் நிற்காது, எண்ணெய் வேண்டும்.

இது சியாசியின் அக்காவுக்கு நடந்தது. சியாசியை உங்களுக்குத் தெரியும், இக்லூலிக் ஊர்க் கடையில் பணம் வாங்கிப் போடுகிறாளே, அவள்தான். அவளுடைய அக்கா மியாலி. மியாலியின் புருஷன் அவாலா. அவாலாவின் தம்பி ஜூபி. அவ்வளவுதான் ஆட்கள்.

மூன்று பேரும் கடலை விட்டு உள்ளே தள்ளி, வைரம் தேடும் ஒரு முகாமில் வேலை பார்த்தார்கள். மியாலி சமையல், ரேடியோ. அண்ணனும் தம்பியும் துப்பாக்கியோடு கரடிக் காவல், வண்டி ஓட்டுவது, எடுபிடி. கம்பெனிக்காரர்கள் மூன்று கோடை காலமாக அந்தப் பக்கம் மண்ணைச் சலித்துச் சலித்துப் பார்த்தார்கள். வைரம் இருக்கும் பாறை தன் கூடவே சின்னச் சின்னச் சிவப்புக் கற்களையும் கொண்டிருக்குமாம். பழைய பனியாறு அந்தப் பாறையைத் தேய்த்து, கற்களை வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டே போயிருக்கும். கல் போன வழியைப் பிடித்துப் பின்னாலேயே போனால் பாறை. அப்படிப் போய்ப் போய்… ஏரிக்கு அந்தக் கரையில் தனியாக நிற்கும் ஒரு கறுப்பு மலையில் கொண்டுபோய் விட்டது. மலை என்றால் பெரிதில்லை. படுத்திருக்கும் மிருகத்தின் முதுகு போல ஒரு மேடு.

நம் ஆட்கள் யாரும் அங்கே கூடாரம் அடித்ததில்லை. ஏனென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைக்குள் இருப்பவர்கள்… இஜிராக். கரிபு மானாகவும் வருவார்கள், மனுஷனாகவும் வருவார்கள், யாராக வேண்டுமானாலும் வருவார்கள். பார்த்தவன் வீடு திரும்பினாலும் பார்த்ததை மறந்துவிடுவான். அவாலாவுக்கும் இது தெரியும். ஆனால் அவன் எதையும் கேலிதான் செய்வான். "மறக்கடிப்பாங்கன்னா நல்லதுதானே, எங்க மாமியார மறந்துட்டு வரேன்" என்பான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைசி நாள். மலையடிவாரத்தில் வைரப் பாறை தேடிப் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாறை கெட்டியாகத்தான் இருந்தது. திடீரென்று துளைக்கும் கம்பி ஓர் ஆள் உயரத்துக்குத் தானாகக் கீழே விழுந்தது. உள்ளே விட்ட தண்ணீர் மேலே வரவில்லை. ஏதோ பொந்து, விடுமுறை முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார் பாறை நிபுணர். குழிக்கு இரும்பு மூடி போட்டு, மரை முறுக்கி, விமானம் ஏறிப் போய்விட்டார்கள்.

இவர்கள் மூவரும் காவலுக்கு நின்றார்கள். போர் போடும் கொட்டகையில் ஹீட்டர் அணையக்கூடாது, அணைந்தால் பம்பு எல்லாம் வெடித்துவிடும். அதனால் தினமும் ஒருமுறை அண்ணனும் தம்பியும் ஏரியைக் கடந்து போய் எண்ணெய் ஊற்றிவிட்டு வருவார்கள். போய்ச் சேர்ந்ததும் ரேடியோவில் சொல்வார்கள்.

அன்றைக்கும் சொன்னார்கள். மியாலி சட்டியில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ரேடியோ கர்ர்ரென்றது. ஜூபி.

"அண்ணி, மூடி கழண்டு கிடக்கு."

காற்றில் கழன்றிருக்குமோ என்று மியாலி கேட்டாள். அப்படிக் கழலாது, இரண்டு ஆள் சேர்ந்து முறுக்கிய மரை என்றான். குழியிலிருந்து ஆவி வருகிறது என்றான். அப்புறம், வாசனை வருகிறது என்றான்.

இதுதான் முதலில் மியாலிக்கு உறைத்தது. அந்தக் குளிரில் மூக்குக்கு வேலையே கிடையாது. டீசலைக் காலில் கொட்டினால்கூட மணக்காது. அவன் சொன்னான், ஈரப் பாசி வாசனை… ஜூலை மாதத்தில், மழை விட்டதும் வருமே, அது.

அவாலா ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டான். "உன் ரொட்டி கருகுற வாசனைதான் இங்க வரைக்கும் வருது. எடுத்து வை."

எடுத்து வைத்தாள். உண்மையிலேயே ஓரம் கருகியிருந்தது.

அடுத்து வந்தது அந்தச் சத்தம். அவாலா பேசி முடித்தும் பொத்தானை விடவில்லை. அதனால் மியாலிக்கும் கேட்டது. டக்… டக்… டக். கரிபு நடக்கும்போது கணுக்கால் நரம்பு சொடுக்குமே, அந்தச் சத்தம். குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த வருஷம் அந்தப் பக்கம் யாரும் ஒரு கரிபைக்கூடப் பார்க்கவில்லை. முகாமில் மூன்று வாரமாக டப்பா இறைச்சி.

"ஒண்ணுதான் போல. பக்கத்துலதான் இருக்கு" என்றான் அவாலா, குரலைத் தாழ்த்தி. வேண்டாம், திரும்பி வாருங்கள் என்று மியாலி சொன்னாள். சொன்னது போய்ச் சேர்ந்ததா தெரியாது. ரேடியோவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியோடு இறங்கிவிட்டான்.

கொஞ்ச நேரம் எதுவுமில்லை. சட்டியில் கொழுப்பு உறைய ஆரம்பித்தது. அப்புறம் ரேடியோவில் ஜூபியின் குரல்.

"அண்ணி… நீங்க ஏன் இங்க வந்தீங்க?"

அவளுக்குப் புரியவில்லை. நான் முகாமில்தானே இருக்கிறேன், யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்றாள்.

"அண்ணன் உங்க கூட நின்னு பேசிட்டிருக்காரு. வண்டி வெளிச்சத்துல நல்லாத் தெரியுது. பச்சை அங்கி போட்டிருக்கீங்க. நடந்தா வந்தீங்க?"

மியாலி திரும்பிப் பார்த்தாள். அவளுடைய பச்சை அங்கி கதவுப் பக்கம் ஆணியில் தொங்கியது. அங்கி அசையவில்லை. அவளும் அசையவில்லை.

"அது நான் இல்ல ஜூபி. அண்ணனக் கூப்பிடு. சத்தம் போட்டுக் கூப்பிடு."

அவன் கூப்பிட்டது ரேடியோவில் கேட்டது. அண்ணா, அண்ணா என்று இரண்டு முறை. தன் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டதும் கேட்டது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். இரண்டு பேரும் மலையைப் பார்த்து நடக்கிறார்கள். அண்ணன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார். கையுறையையும் கழற்றிப் போட்டுவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். டக் டக் என்று சத்தம் வருகிறது, ஆனால் மான் எதையும் காணோம்…

"நீங்க திரும்பிப் பாக்குறீங்க அண்ணி. என்னைப் பாக்குறீங்க."

அவ்வளவுதான். கர்ர்ர்.

மியாலி பொத்தானை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டாள். ஜூபி. அவாலா. ஜூபி. அழுகை வரவில்லையாம் அவளுக்கு. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போய், தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்குமே… உடம்பு முழுக்க அப்படி இருந்தது என்று சியாசியிடம் சொல்லியிருக்கிறாள். சட்டியைக் கழுவி வைத்தாள். ஏன் கழுவினாள் என்று அவளுக்கே தெரியாது.

பிறகு ரேடியோ மறுபடி பேசியது. ஜூபியின் குரல். மூச்சு வாங்கவில்லை. தினமும் பேசுவது போலவே பேசினான்.

"ஹீட்டர் சரியா எரியுது. எண்ணெய் ஊத்திட்டேன். கிளம்பறேன்."

"அண்ணன் எங்க?"

"எந்த அண்ணன்?"

விளையாடாதே என்றாள். அவன் விளையாடவில்லை. நான் தனியாகத்தானே வந்தேன், ஏன் இப்படிக் கேட்கிறீர்கள், உடம்பு சரியில்லையா என்று அக்கறையாகக் கேட்டான்.

வந்தான். தனியாக. புருவத்தில் பனியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்து ரொட்டி தின்றான். கருகின துண்டைக்கூட விடவில்லை. மியாலி அவாலாவின் படுக்கையைக் காட்டினாள். சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அவாலாவின் கோப்பை, அவாலாவின் சவரக் கத்தி, கட்டிலடியில் பழைய பூட்ஸ். எதையும் மறைக்கிறவன் முகமில்லை அது. எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை என்றான்.

"அப்போ என்னை ஏன் அண்ணின்னு கூப்பிடறே?"

அதற்கு வெகுநேரம் யோசித்தான். மெல்லுவதை நிறுத்திவிட்டு யோசித்தான். அப்புறம், "அப்படித்தானே கூப்பிடுவேன்?" என்று சொல்லிவிட்டு மறுபடி மெல்ல ஆரம்பித்தான்.

அவள் சாட்டிலைட் போனில் ஊருக்குச் சொன்னாள். அதற்குள் புயல் பிடித்துவிட்டது. விமானம் கிளம்ப முடியாது என்றார்கள். அவளே பனிவண்டியை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தாள். கதவுக்கு வெளியே தன் கையே தெரியவில்லை. ஜூபிதான் இழுத்து உள்ளே கொண்டுவந்தான். எங்கே போகிறீர்கள், அங்கே யாரும் இல்லையே என்றான்.

புயல் விட்டதும் விமானம் வந்தது. போலீஸ் வந்தது, ஊரிலிருந்து தேடும் ஆட்கள் வந்தார்கள். என் மச்சானும் போயிருந்தான், அவனே என்னிடம் சொன்னான். துப்பாக்கி கிடைத்தது. கையுறைகள் கிடைத்தன, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, யாரோ ஒழுங்காக வைத்த மாதிரி. ஆள் இல்லை. குழியின் மூடி மரை முறுக்கி இறுக்கமாக மூடியிருந்தது. அதன் மேல் பனி, மூடிய நாளிலிருந்தே உறைந்து கிடந்த பனி. பிறகு கம்பெனிக்காரர்கள் வந்து அதே குழியில் கம்பி விட்டுப் பார்த்தார்களாம். பொந்து எதுவும் இல்லை. அடிவரைக்கும் முழுப் பாறை.

ஜூபியைப் போலீஸ் நாள்கணக்கில் விசாரித்தது. ஒன்றும் தேறவில்லை. இப்போதும் ஊரில்தான் இருக்கிறான். ஹாக்கி ஆடுகிறான், மீன் பிடிக்கிறான், யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறான். அவன் அம்மா அவாலாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது யார் சொல் என்பாள். அவன் மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, நல்ல முகம், யார் அம்மா இது என்பான். இப்போது அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

போலீசிடம் மியாலி சொல்லாதது ஒன்று உண்டு. தங்கச்சியிடம் மட்டும், அதுவும் ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள்.

விமானம் வருவதற்கு முந்தின இரவு அது. காற்று அடங்கிவிட்டது. காதில் விசில் அடிப்பதுபோல் அமைதி. மேஜையில் இந்தப் பக்கம் மியாலி, அந்தப் பக்கம் ஜூபி. அவன் காய்ந்த மீனைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். ரேடியோ கர்ர்ரென்றது.

"யாரு அது, லைன்ல?"

அவாலா. சாப்பிட்டுக் கால் நீட்டிப் படுத்திருப்பவன் குரல். அவனுக்குப் பின்னால் டக், டக், டக் என்று… ஒன்று இல்லை, பல. மந்தையே நடப்பதுபோல்.

மியாலி பொத்தானை அழுத்தினாள். "நான்தாங்க. மியாலி."

அவனுக்குப் பயமில்லை, கோபமில்லை. தவறான நம்பருக்குப் பேசிவிட்டவன்போல் ஒரு சின்ன ஆச்சரியம், அவ்வளவுதான்.

"மியாலியா? மியாலி இங்க என் பக்கத்துல உக்காந்திருக்காளே."

பிறகு தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். ஒரு பெண். பேசும் முன்னால் மியாலி எப்படிச் செருமுவாளோ அப்படி. குரலும் அவளுடைய குரல்.

"யாருங்க அங்க? ஜூபி சாப்பிட்டானா? அவனச் சாப்பிடச் சொல்லுங்க."

ரேடியோ அணைந்துவிட்டது.

ஜூபி மீனைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான். துப்பாக்கி அவன் நாற்காலியில் சாய்ந்திருந்தது. அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி, எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். அவாலாவின் படுக்கையைப் பார்த்தானே, அதே பார்வை.

"அது அண்ணி குரல்" என்றான். "அப்போ நீங்க யாரு?"

மியாலி பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

தன் பெயர் நினைவுக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.