வரிசையாய் அடுக்கின சிப்பிகள்

வெள்ளவத்தைச் சந்தையடியில் பஸ் நின்றபோது, முன் சீட்டில் மடியில் அட்டைப்பெட்டியோடு இருந்த பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சீறினாள்:

"இலட்சக்கணக்கான வருஷமா மண்ணுக்குள்ள கிடந்து கல்லாப் போன சிப்பியளை ஆர் உங்களைக் கழுவச் சொன்னது?"

"லேப் கூட்டேக்க பாத்தன், ஒரே மண். கழுவிப்போட்டு, சின்னதில இருந்து பெரிசு வரைக்கும் அடுக்கினனான். வடிவாத்தானே இருக்கு?"

"எந்த ஆழத்து மண் படையில எடுத்ததெண்டு ஒவ்வொண்டிலயும் நம்பர் எழுதி வைச்சனான். அது எங்க?"

"அதுவும் கழுவுப்பட்டுப் போச்சுது."

"ஐயோ கடவுளே! ஒரே படையிலயே சின்னனும் பெரிசும் கலந்துதான் கிடந்தது. ஒரே இனத்துக்குள்ள எவ்வளவு வித்தியாசம் எண்டு காட்டத்தான் மூண்டு வருஷமாத் தோண்டினனான். இப்ப பாக்கிறவன், காலப்போக்கில சின்னது படிப்படியாப் பெரிசாகினதெண்டெல்லோ நினைப்பான்!"

"ஓம், புரொஃபெசரும் அப்பிடித்தான் சொன்னவர்."

"அவர் எப்ப பாத்தவர்?"

"காலமை. இவ்வளவு தெளிவான பரிணாம வளர்ச்சியைத் தான் கண்டதே இல்லையாம். சரியான சந்தோசம்."

பஸ் பம்பலப்பிட்டியை நெருங்கியது. அவள் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சிப்பியாய்ப் புரட்டி நம்பரைத் தேடினாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"நாளைக்கு மாநாட்டில இதைப்பற்றி உங்களைத்தான் கதைக்கட்டாம்."