வெயில் படாத மூலை

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு முதல் எதிரி வெயில், ஐயா. ஐம்பதுகளில் நம் ஊரில் செய்த பெட்டிகள் இரண்டு கோடை வெயில் பட்டாலே பழுப்பேறிவிடும். ஒசாகாவில் இதைச் சேர்க்கிற எல்லோருக்கும் தெரியும். எங்கள் சேகரிப்பாளர் குழுவில் இருந்த தொகாஷிக்கும் தெரியும்.

அவனிடம் இருந்த இளம்பச்சைப் பெட்டியைக் கோபேயில் ஒரு விதவை வீட்டில் முதலில் பார்த்தவன் நான். மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலையே அவன் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். எங்கள் மாதக் கூட்டத்தில் அதைக் கொடுத்துவிடும்படி பலமுறை கேட்டேன்.

"முரோய் அண்ணே, உங்க கையில குடுக்கிறதுக்கு ஆத்துல போடலாம். வேணும்னா தூரமா நின்னு பாத்துக்குங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன வசந்தத்தில் அறையை ஒழுங்குபடுத்த என்னை உதவிக்குக் கூப்பிட்டான். அவன் பெட்டிகள் ஜன்னலோரத்து இரும்பு அலமாரியில் இருந்தன. படுக்கை இருட்டு மூலையில்.

"பாவம்டா, அதுங்க வெயில்ல காயுது. உன் மூலையை அதுங்களுக்குக் குடுத்துட்டு, நீ அந்த இரும்பு அலமாரி பக்கம் படேன். மனுஷத் தோல் கறுத்தா யாரு கேக்கப்போறா?" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பான். அவன் சேகரிப்பாளன், சந்தோஷமாகத் தலையாட்டினான்.

அவன் பெட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் துடைப்பதாகச் சொல்லி, அலமாரியைச் சுவரோடு பிணைத்திருந்த போல்ட்டுகளைக் கழற்றினேன். சோதனை போட்டபோது என் மேசை இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்தவை அவைதான். கனமான வால்வு ரேடியோக்களை மேல்தட்டில் ஏற்றினேன். மூலைக்குப் போன சின்னப் பெட்டிகளின் அடியில் மட்டும், நிலம் ஆடினாலும் நகராதபடி பசை தடவி ஒட்டினேன். ஒவ்வொன்றாக, பொறுமையாக.

பிறகு காத்திருந்தேன். நம் நாட்டில் பூமி யாரையும் அதிகம் காக்க வைப்பதில்லை. மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை ஆடியது. பெரிய ஆட்டம் இல்லை. என் வீட்டில் தேநீர்க் கோப்பைகூட விழவில்லை. அலமாரி தொகாஷியின் மேல் விழுந்தது. மூலையில் ஒரு பெட்டியும் அசையவில்லை.

அவன் செத்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து, நினைவுப் பொருள்களைப் பங்கிடும்போது அவன் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணன் எப்பவும் உங்களைப் பத்திதான் பேசும். பிடிச்சதை எடுத்துக்குங்கய்யா" என்று அழுதாள். பச்சைப் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

போல்ட்டைக் கழற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கேட்டபோதே கொடுத்திருந்தால் அவன் இன்றைக்கும் உயிரோடு இருப்பான். கருமித்தனம் ஆளைக் கொல்லும், ஐயா. கடைசிவரை அது அவனுக்குப் புரியவில்லை.