அரைச் சுற்று

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. முன் சீட்டில் உட்கார்ந்தாலே குமட்டும். எங்கள் வீட்டுக் காரைப் பற்றி என் தங்கையைக் கேட்பதுதான் முறை. அவளால் இப்போது சொல்ல முடியாததால் நான் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மெதுவாகவே பேசுகிறேன்.

அவளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். முப்பது தாண்டிய பிறகும் அப்படித்தான். அம்மா போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்து, ஃபிரேமுக்குத் திருகு முடுக்கி முடுக்கியே அவளைப் படிக்க வைத்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், தங்கையும் என்னோடு வருவாள் என்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும். அதை நான் அவளிடம் ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. எப்போதாவது சொல்லியிருப்பேன்.

படித்து முடித்ததும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனாள். பழைய கார் ஒன்றை வாங்கினாள்.

முதல் தடவை நடந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. வெளியூரில் வேறு வேலைக்கு இன்டர்வியூ என்று கிளம்பினாள். ஊர் எல்லையிலேயே வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டார். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஆயில் வழியும் கையோடு எழுந்து வந்தார்.

"கியர் ஆயில் பிளக் லூஸாகியிருக்குக்கா. வழியெல்லாம் ஆயில் ஒழுகிப் போச்சு. இது ஆட்டோமேட்டிக் வண்டி, ஆயில் இல்லன்னா கியர் பிடிக்காது. இன்ஜின் சும்மா உறுமும், வண்டி நகராது."

"பெருசா ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"நிக்கிற இடத்தைப் பொறுத்ததுக்கா."

அன்று பாப்பா என் மடியில் தலை வைத்து அழுதாள். ஊட்டிவிட்டேன், சாப்பிட்டாள். பிறகு அப்படியே தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போகும்வரை நான் அசையவில்லை. அந்த மாதிரி ஒரு சாயங்காலம் எனக்குக் கிடைத்துப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

மெக்கானிக் பிளக்கை நன்றாக முடுக்கிவிட்டுத்தான் போனார். பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் வாசல் சரிவானது. சாக்கடை ஓரமாகக் குனிந்தால் பிளக் கைக்கு எட்டும். தோழியோடு வீடு எடுத்துத் தங்கப்போகிறேன் என்று வெளியூரில் வீடு பார்க்க அவள் கிளம்பிய காலையில், அவள் குளிக்கும் நேரத்தில், வண்டியிலிருந்த ஸ்பானரால் அதை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். திருகு எவ்வளவு திரும்பினால் எவ்வளவு இளகும் என்று என் விரலுக்குத் தெரியும். நிற்கும்போது சொட்டாது. ஓட ஓட, குலுங்கக் குலுங்கத்தான் கழலும். அன்றும் வண்டி பாதி வழியில் நின்றது. அவளும் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிறகும் சில தடவை செய்தேன். பாப்பா மெக்கானிக்கைத் திட்டினாள். அவர் முகம் தொங்கிப்போய் என்னிடம்தான் வந்து சொன்னார்: "நான் முடுக்கினது நல்லா ஞாபகம் இருக்குக்கா. என் கை மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு." ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, மனசைப் போட்டு குழப்பிக்காதீங்க என்று அனுப்பினேன்.

கடைசியில் அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தே விட்டது. பெட்டி கட்டினாள். உடுப்புகளை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

"இந்தத் தடவை போனா வரமாட்டேன்க்கா. கோவிச்சுக்காதே. இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுது."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கே சாப்பிடுவே என்று மட்டும் கேட்டேன்.

அன்று அரைச் சுற்று போதாது என்று தோன்றியது. தூரம் போய் நின்றால் வேறு வண்டி பிடித்துப் போய்விடுவாள். இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். போகிற வழியில் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை இருப்பது தெரியுமா என்று நீங்கள் கேட்டீர்கள். தெரியும். அதற்கு முன்னாலேயே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சுரங்கத்துக்குள் நின்றது. கணக்கு தப்புவது எல்லோருக்கும் நடப்பதுதானே.

அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க முடியாது.

"அக்கா, வண்டி நகர மாட்டேங்குது. சுரங்கத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன். உள்ளே ஒரு விளக்கும் எரியல. லாரியெல்லாம் உரசிட்டுப் போகுது. இறங்கி ஓரமா ஓடிடவா?"

இறங்கினால் யாராவது ஏற்றிக்கொள்வார்கள். ஏற்றிக்கொண்டால் அவள் அந்தப் பக்கம்தான் போவாள். அதனால் சொன்னேன்: "இறங்காதே பாப்பா. கதவை மூடிக்கிட்டு உள்ளேயே இரு. அக்கா வர்றேன்."

சரிக்கா என்றாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டமாட்டாள். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டிருக்கிறார், பாவம். அவர்மேல் குற்றமில்லை. மெக்கானிக்மேலும் இல்லை. அவரை நீங்கள் பிடித்து வைத்திருப்பது நியாயமில்லை என்றுதான் உங்களை வரச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் சரியாகவே முடுக்கினார்.

பாப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பேச்சும் போய்விட்டது. வெளியூரில் பயிற்சி கொடுக்கும் இடம் இருக்கிறது, அங்கே சேர்த்தால் பேச்சாவது திரும்பும் என்றார் டாக்டர். வேண்டாம் என்றுவிட்டேன். அந்நியர்கள் அவளை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? நான் குளிப்பாட்டுகிறேன், தலை வாருகிறேன், ஊட்டுகிறேன். கடையை விட்டுவிட்டேன். இப்போது நாங்கள் இருவரும் எந்நேரமும் ஒன்றாகவே இருக்கிறோம். சில சமயம் நான் உள்ளே போனதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது.

என்னைக் கூட்டிப்போவதானால் முதலில் அவளுக்கு ஒரு வழி சொல்லுங்கள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

டாக்டர் சொன்னதும் பொய்யாகிவிட்டது, ஐயா. எந்தப் பயிற்சியும் இல்லாமல் நேற்று அவளாகவே பேசினாள். நான் கவளத்தை வாயருகே கொண்டுபோனபோது, தலையைத் திருப்பிக்கொண்டு, திக்கித் திக்கி, "கதவைத் திற" என்றாள். பாவம், புழுக்கம் தாங்கவில்லை அவளுக்கு. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டேன்.