வலது தோள் வரை

நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதியின் அத்தானுக்கு நடந்தது. அவள் பிசியோதெரபிஸ்ட். அத்தான், அவள் அக்கா வீட்டுக்காரர், வாடகைக் கார் ஓட்டுபவர்.

பிற்பகல் இரண்டு மணி. நிழலே இல்லாத புறவழிச் சாலை…

"பட்டப்பகல்ல பேயா?" என்று சிரிக்காதே. கேள்.

ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர் கவிழ்ந்து கிடந்தது. அதன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. டிக்… டிக்… பக்கத்தில் கிடந்த பெண் ஒரு கையைத் தூக்கி, "தண்ணி…" என்றாள். காரில் முழு பாட்டில் இருந்தது. சவாரி தவறிவிடும் என்று அத்தான் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். ஒரு வாய்த் தண்ணீர். கடவுள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

அடுத்த வளைவில், பின்னாலிருந்து… டம்! தலை பின்னுக்குப் போய் முன்னுக்கு வெட்டியது. இறங்கிப் பார்த்தார். சாலையில் ஒரு வண்டியும் இல்லை. பம்பரில் ஒரு கீறலும் இல்லை. பெட்ரோல் வாடை மட்டும்.

எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைதான் பிசகியிருக்கிறது என்றார் மருத்துவர். கழுத்துப் பட்டையையே கட்டிக்கொண்டிருந்தால் கழுத்து இறுகிவிடும். மெல்லத் திருப்பிப் பழக்க வேண்டும். திரும்பாத கழுத்தோடு கார் ஓட்ட முடியுமா? பிழைப்பே அதுதான். மச்சினியிடம் வந்தார்.

ஒத்தடம் கொடுத்துத் திருப்பச் சொன்னாள். இடப்பக்கம் நன்றாகப் போயிற்று. வலப்பக்கம் பாதியில் நின்றது.

"வலிக்குதா அத்தான்?"

"வலி இல்லம்மா. திருப்பத் திருப்ப… அவ கிட்ட வர்றா."

"எவ? கழுத்து வலிக்கு வந்த இடத்துல பொம்பளையா? இருங்க, அக்காகிட்ட சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. சாலையில் நடந்ததைச் சொன்னார். அறையில் பெட்ரோல் வாடை. டிக்… டிக்… சுவர்க் கடிகாரம் நின்று வெகுநாளாயிற்று.

என் சிநேகிதி நல்ல மனசுக்காரி. ஒரு தம்ளர் தண்ணீரை அவருக்கு வலப்பக்கம் முக்காலியில் வைத்தாள்.

"கேட்டது தண்ணிதானே? மெதுவா திரும்பி, 'குடிம்மா'ன்னு சொல்லுங்க. போதும்."

அத்தான் திரும்பினார். பயமோ, வீம்போ… "போடி சனியனே!" என்று கத்திவிட்டார்.

தாடை தோளைத் தொட்டது.

"போதும் அத்தான். நிறுத்துங்க."

தாடை தோளைத் தாண்டியது. மளுக்… மளுக்…

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

"நான்… திருப்பலம்மா."

அவள் தம்ளரை எடுத்து வெறும் காற்றில் நீட்டினாள். "குடி தாயே, குடி!" என்று அலறினாள்.

நின்றது. தம்ளர் காலி. விளிம்பில் மண்.

அத்தான் உயிரோடுதான் இருக்கிறார். தலை அப்படியே, வலது தோளுக்கு மேலே. காரை விற்றாயிற்று. படுக்குமுன் அக்கா மறக்காமல் அவர் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பாள். விடிந்தால் காலியாக இருக்கும்.

போன வாரம் ஒரு நாள், அலுப்பில், மறந்து தூங்கிவிட்டாள். காலையில் எழுப்பப் போனால்…

தாடை இன்னும் ஒரு விரற்கடை பின்னால் போயிருந்தது.